ராஜினாமாவின் விலை

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஊழியரை வேலைக்கு அழைக்க முடியவில்லையே என்று வருந்தினார். இந்த இரண்டு பேச்சுகளுக்கும் நடுவே, 2024 ஜூலையில், புனே நகரில் 26 வயது இளம் பட்டயக் கணக்காளர் ஒருவர் இறந்துபோனார். முதல் வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பணிச்சுமைதான் மகளைக் கொண்டுபோனது என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளிவந்தபோது நாடே கலங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. உழைப்பைக் கேட்பதில் காட்டும் உரிமையை உழைத்தவரைக் காப்பதில் காட்டாத உலகம் இது என்று இளைஞர்கள் முடிவுகட்டினால், அவர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது.

அந்த முடிவிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் இடம்தான் மனத்தை உறுத்துகிறது. வேலையை விட்டுவிடு, மனத்துக்குப் பிடித்ததைச் செய், வாழ்க்கையின் பொருளைத் தேடு என்ற உபதேசம் இன்று எல்லாத் திசையிலிருந்தும் கேட்கிறது. அதைக் கேட்கும் தமிழ் இளைஞனின் கனவில் பெரும்பாலும் வந்து நிற்கும் ஊர் தென்காசி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, நாலு மாடு, ஆனி ஆடியில் முகத்தில் படும் சாரல், நினைத்தால் போய்க் குளிக்கக் குற்றாலம். கனவு அழகானது. ஆனால் அந்தக் கனவுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

தொழிலை மாற்றுவது பாவமில்லை. மாற்றத்தின் விலையை மாறுகிறவர் தாமே கொடுத்தால் அது அறம். தம்மை நம்பியிருப்பவர் தலையில் கட்டினால் அறமில்லை. எத்தனை உயர்ந்த நோக்கத்தைச் சொல்லிக்கொண்டு போனாலும் இந்த அளவுகோலிலிருந்து தப்ப முடியாது.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. உடம்பு கெடும்போது, தூக்கம் போகும்போது, மனம் உடையும்போது அந்த வேலையிலிருந்து வெளியேறத்தான் வேண்டும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புனேயில் மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்க்குச் சம்பளம் வேண்டாம், மகள்தான் வேண்டும். இதில் வாதிட எதுவும் இல்லை. ஆனால் இன்று நடக்கும் ராஜினாமாக்கள் எல்லாம் உயிருக்கு அஞ்சி நடப்பவையா? சலிப்பைத் துன்பம் என்றும், மேலாளர்மீது வந்த கோபத்தை ஆன்மத் தேடல் என்றும் பெயர் மாற்றிக்கொள்வது எளிது. அப்படிப் பெயர் மாறும் இடத்தில்தான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது.

வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில், குடும்பம் நடத்துகிறவன் பேண வேண்டியவர்களை எண்ணிக் காட்டுகிறார். மறைந்த மூதாதையர், தெய்வம், வந்த விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். எண்ணிப் பார்க்கத்தக்க வரிசை இது. 'தான்' என்பதை அவர் விட்டுவிடவில்லை. தன்னை அழித்துக்கொண்டு பிறரைக் காப்பாற்று என்று அவர் சொல்லவில்லை. தன்னைப் பேணுவதும் கடமையே என்று கணக்கில் சேர்க்கிறார். ஆனால் ஐந்தாம் இடத்தில் சேர்க்கிறார். இன்றைய உபதேசம் அந்த ஐந்தாமவரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, மீதி நான்கு பேரையும் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளுகிறது. சமநிலை என்ற பெயரில் நடப்பது வரிசைக் குலைவு.

அவரே குடிசெயல்வகை என்று ஓர் அதிகாரம் வைத்தார். பிறந்த குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே பத்துக் குறள். அந்த வேலையைக் கையில் எடுத்தவனுக்கு ஏற்ற பருவம், ஏலாத பருவம் என்ற கணக்கே கிடையாது என்கிறார் அங்கே. குடும்பத்தைத் துன்பம் தீண்டாமல் காக்கிறவனின் உடம்பு அந்தத் துன்பத்தையெல்லாம் ஏந்தும் பாத்திரம் ஆகிவிடுகிறதே என்று வியக்கவும் செய்கிறார். கடினமான சொல்தான். குற்றாலத்துக்கு சீசன் உண்டு. குடும்பத்தைச் சுமப்பவனுக்கு இல்லை. பாத்திரம் உடைந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பாத்திரத்தை இறக்கி வைப்பதற்கு முன்னால் அதில் இருப்பதை யார் ஏந்தப்போகிறார் என்று கேட்பதும் அந்தப் படிப்பில் அடங்கும்.

தென்காசி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு உருவம் உண்டு. கடையம், ஆலங்குளம், கீழப்பாவூர்ப் பக்கத்துத் தெருக்களில் மதிய நேரம் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். நனைத்த இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி எண்ணி முடித்தால்தான் ஒரு நாள் கூலி கணக்காகும். கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று ஒதுக்குவது போக மீதிக்குத்தான் காசு. தூள் வாடை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குனிந்த முதுகு நிமிராது. அந்தக் கூலியிலும், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையிலும், வங்கிக் கல்விக் கடனிலும் படித்து எஞ்சினியர் ஆனவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அப்படி ஆனவர் ஒருவர் பெங்களூரில் ஐந்தாண்டு வேலை செய்துவிட்டு, கடன் தீரும் முன்பே, என் வாழ்வின் பொருளைக் கண்டுகொண்டேன் என்று ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாய் மறுபடி சுளவை எடுக்கிறாள். மகனின் சமநிலைக்கு விலை கட்டுவது ஆயிரம் பீடி.

'தொழில் மாற்றம்' என்ற பேச்சே அந்தத் தாயிடம் செல்லாது. அவளுக்கு எந்தத் தொழிலுக்கு மாற வாய்ப்பு இருந்தது? அவளுக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அதை அவள் பிள்ளையிடம் கண்டாள். அதனாலேயே பிள்ளை வாழ்நாள் முழுதும் அடிமை என்று ஆகிவிடாது. அவளைக் கேட்காமல் அந்தக் கணக்கை முடித்துவிட அவனுக்கு உரிமை இல்லை. நான் கேட்டா பெற்றீர்கள், நான் கேட்டா படிக்க வைத்தீர்கள் என்று எதிர்வாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் முன்பு எதுவும் செய்யாதிருக்க நமக்குச் செய்த உதவிக்குத்தான் செய்ந்நன்றி அறிதலில் வள்ளுவர் மண்ணையும் விண்ணையும் ஈடாகாது என்று ஒதுக்கினார். கேட்டுப் பெற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கேளாமல் பெற்றதற்குத் திருப்பிக் கொடுக்கும் கணக்கே இல்லை. நினைவில் வைத்திருப்பது ஒன்றுதான் வழி.

வேலைக்கும் வாழ்வுக்கும் இடையிலான இழுபறி புதிதாக வந்த நோய் என்று நினைக்கிறவர்கள் சங்கப் பாடல்களில் பாலைத் திணையைத் திறந்து பார்க்கட்டும். பொருள் தேடிப் போக வேண்டும், மனைவியைப் பிரிய மனமில்லை. நெஞ்சு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நற்றிணையும் குறுந்தொகையும் அகநானூறும் இந்த இழுபறியை நூற்றுக்கணக்கான பாடல்களில் பேசியிருக்கின்றன. அந்தப் பாடல்களில் போகிறவனின் குரலுக்குக் குறையாமல் காத்திருப்பவளின் குரலும் கேட்கிறது. முடிவெடுப்பவர் ஒருவர், அதைத் தாங்குபவர் இன்னொருவர் என்பதை நம் முன்னோர் மறக்கவே இல்லை. பிசிராந்தையார் கதையோ எல்லோரும் அறிந்தது. இத்தனை வயதாகியும் தலை நரைக்காதது எப்படி என்று கேட்டபோது அவர் காட்டிலோ மலையிலோ கண்ட அமைதியைச் சொல்லவில்லை. மனைவியின் மாண்பு, பிள்ளைகளின் அறிவு, ஏவலரின் இணக்கம், முறை தவறாத அரசன், எல்லாவற்றுக்கும் மேலாக ஊரில் வாழும் சான்றோர் என்று புறநானூற்றில் காரணம் அடுக்கினார். சுற்றியிருப்பவர் நன்றாக இருந்ததால் அவர் நன்றாக இருந்தார். தான் மட்டும் தனியே அடையும் சமநிலை என்ற ஒன்று அவருடைய பட்டியலிலேயே இல்லை.

துறந்து போனவர்கள் இல்லையா, அவர்களைத் தமிழ் கொண்டாடவில்லையா என்று கேட்கலாம். கொண்டாடியது. எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். திருவாதவூரார் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொண்டுபோன அரசுப் பணத்தில் திருப்பெருந்துறையில் கோயில் கட்டினார் என்கிறது புராணம். வாழ்வின் பொருளைக் கண்டுகொண்ட கணம் அது. ஆனால் பணம் அவருடையதல்ல. அந்தக் கதையைச் சொன்னவர்கள் இதை மூடி மறைக்கவில்லை. வைகை மணலில் சுடுவெயிலில் அவரை நிறுத்தினார்கள். மணிவாசகர் என்று நாம் போற்றும் அவர் அந்தத் தண்டனையைத் தம் உடம்பில் ஏற்றார். பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகம் முழுவதையும் உதறியவர். கோவணத்தோடு திரிந்தவரும் தாய்க்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார். பாரி இறந்தபின் வாழ விருப்பமில்லாத கபிலர், நண்பனின் பெண்மக்கள் இருவரையும் அரசர் வாசல்தோறும் அழைத்துப்போய், அவர்களுக்குப் பாதுகாப்பான ஓர் இடம் தேடி ஒப்படைத்துவிட்டுத்தான் வடக்கிருந்து உயிர்விட்டார். இளங்கோ அரசுரிமையை விட்டது அண்ணனின் மனம் நோகக் கூடாது என்பதற்காக. மணிமேகலை குலத்தொழிலை மறுத்தாள். மறுத்துவிட்டு அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர் வாசலுக்குப் போனாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இவர்கள் எல்லோரும் தொழில் மாறியவர்கள்தான். இவர்களில் ஒருவர்கூடத் தம் அமைதிக்காகப் பிறரை அழ வைத்துவிட்டு அதை ஞானம் என்று சொல்லவில்லை.

இனி மத்தளம்பாறைக்கு வரலாம். தென்காசிக் கனவு இத்தனை பேரைப் பிடித்து ஆட்டுவதற்கு அந்தச் சிற்றூர் பெரிய காரணம். 1996இல் தொடங்கிய ஜோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு 2019இல் கலிஃபோர்னியாவை விட்டு அங்கே வந்து குடியேறினார். அதே ஆண்டு நவம்பர் 22இல்தான் தென்காசி தனி மாவட்டமானது. வேட்டி சட்டை, சைக்கிள், வயல் வரப்பு, 2021இல் பத்மஸ்ரீ. படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமைதி தேடி வந்தார் என்ற கதை மனத்தில் பதிந்துவிட்டது. நடந்தது வேறு. அவர் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே, 2011இல், அவருடைய நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் பள்ளியை அந்த நிறுவனம் 2005 வாக்கிலேயே தொடங்கியிருந்தது. பிறகு அது தென்காசிக்கும் வந்தது. ஆக அவர் வேலையை விடவில்லை. வேலை இருந்த இடத்தை மாற்றினார். தம்மோடு வேலையையும் கொண்டுவந்தார். 2025 ஜனவரி 27இல் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து விலகி ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்ற தலைமை விஞ்ஞானி ஆனபோதும், பல்லாண்டு கூடவே உழைத்த ஷைலேஷ் குமார் டேவியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் விலகினார். அவருடைய அரசியல் கருத்துகளோடு உடன்படாதவர்கள் உண்டு. இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒப்படைப்பை மட்டுமே. அதைப் பார்க்காமல் சைக்கிளை மட்டும் பார்த்துவிட்டு ராஜினாமா எழுதுகிறவர்கள் பாதிக் கதையை வாழப் போகிறார்கள்.

ஒப்படைப்பின் அருமையைத் தென்காசி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறது. 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், தான் போன பிறகு இந்தக் கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்து, அதைச் சரிசெய்ய யார் முன்வந்தாலும் அவர்களை ஊரறியப் பணிகிறேன் என்று பாட்டில் வெட்டி வைத்தான். அரசன் ஒருவன் முகம் தெரியாத எதிர்காலத்து மனிதர்களுக்குத் தலைவணங்குகிறான். தொடங்குவதன் பெருமையைவிடத் தொடர்கிறவரின் பாடு பெரிது என்று அறிந்தவனுக்கே அந்தப் பணிவு வரும். இடிந்து நின்ற கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தபோது, அவன் வணங்கிய மனிதர்கள் வந்துவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும். நடுவில் விட்டுவிட்டு, யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று போகிறவர்கள் கோயில் வாசலில் நின்று அந்தக் கல்வெட்டைப் படித்துப் பார்க்கட்டும்.

குற்றாலத்துக்கும் அப்படி ஒரு முன்னோடி உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் சட்டம் படித்தவர். நீதிமன்றத்தில் மனம் ஒட்டவில்லை. இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராகப் பணியாற்றினார். பிறகு குற்றாலத்திலேயே தங்கி, 1954 பிப்ரவரியில் மறையும்வரை, கம்பனே வாழ்வு என்று இருந்தார். ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டுக்கு வந்து நாள்கணக்கில் தங்கினார்கள். அருவிக் குளியல், பிறகு சாப்பாடு, பிறகு கவிதை. கம்பனின் பாடல்களில் இடைச்செருகல் என்று அவர் தள்ளியவை பலவற்றைப் புலவர்கள் ஏற்கவில்லை. அந்தப் பிணக்கு வேறு. அவரால் அப்படி வாழ முடிந்ததற்கு, கைகொடுத்த குடும்ப வசதியும், பொறுப்புகளை முடித்த வயதும், வந்தவர்க்கெல்லாம் சமைத்துப் போட்ட கைகளும் காரணம். அந்தக் கைகளையும் சேர்த்தே அந்தப் புகழை எண்ண வேண்டும். முப்பது வயதில், தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேராத வீட்டிலிருந்து ஒருவர் டி.கே.சி.யாக வாழ ஆசைப்படுவது நியாயமா என்று அவரே சொல்லட்டும்.

அமைதி தேடி வருகிறவர்கள் வந்து சேரும் ஊரில் இருப்பவர்களுக்கு அமைதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பேரருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், துண்டும் சீயக்காயும் அடுக்கிவைத்த சிறுகடைக்காரர் ஆகியோரின் வருமானத்தில் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரையிலான சில மாதங்களில் வருவது. சாரல் பொய்த்தால் கூட்டம் வராது. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது; அதன் பின் அருவிகள் மூடப்பட்ட நாள்களில் இவர்களின் கடைகளுக்கும் வேலையில்லை. பார்க்க வந்தவருக்கு அருவி ஓய்வு, அங்கே வாழ்கிறவருக்கு அதுவே பிழைப்பு. கிராமம் நகரத்தாரின் களைப்பைத் தீர்க்கவென்று ஏற்பட்டதல்ல. கொடுக்க எதுவும் கொண்டுவராமல் எடுக்க மட்டும் வருகிறவர், அங்கேயும் இன்னொருவரின் உழைப்பில்தான் இளைப்பாறுகிறார். உண்பது நாழி அளவுதான், உடுப்பது இரண்டு துணிதான், அரசனுக்கும் வேடனுக்கும் அதில் வேறுபாடில்லை, செல்வத்தின் பயன் கொடுப்பது என்றார் நக்கீரர். எளிமையாக வாழப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் அந்தப் பாட்டின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

கொடுப்பதற்கென்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். 1963இல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். விலைகொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் நம்பிய ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று கண்டார். 1969இல் அரசு வேலையை விட்டார். அடுத்த பத்தாண்டு களக்காடு வட்டாரத்துக் கிராமங்களில் தொண்டு நிறுவனப் பணி. 2013 டிசம்பரில் மறையும்வரை பச்சைத் துண்டோடு ஊர் ஊராக நடந்தார். வேலை கடினமாக இருக்கிறது என்பதற்காக அவர் விடவில்லை. வேலை பயனற்றது என்று கண்டதால் விட்டார். விட்டபின் முன்னைவிடக் கடினமான வேலையை ஏற்றார். தேடல் உண்மையா என்று அறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பெண்கள் விஷயத்தில் நம் பேச்சு எத்தனை பொய்யானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு மாடு வளர்க்கப் போகிற ஆணைத் துணிச்சல்காரர் என்கிறோம். பிள்ளை பிறந்ததும், மாமியார் படுத்ததும் வேலையை விட்ட பெண்ணின் தொழில் மாற்றத்துக்கு யாரும் பாராட்டு விழா நடத்துவதில்லை. அவள் விட்டதற்கு விலையை அவளே கொடுத்தாள். பலன் வீட்டுக்குப் போனது. அறத்தின் அளவுகோலில் அவள் அவனைவிட உயரத்தில் நிற்கிறாள். அவனுடைய தேடலுக்காகவும் அவளையே மறுபடி வேலைக்குப் போகச் சொல்லும் வீடுகளில் என்ன சமநிலை?

முதலாளிகளின் பங்கு தனியே பேச வேண்டிய பெரிய விஷயம். சுருக்கமாகவாவது சொல்லாவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிடுங்குகிறவனை வேல் பிடித்து நிற்கும் வழிப்பறிக்காரனோடு வைத்தார் வள்ளுவர். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம்கொடுக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதே மே 1இல், சரியாக நூறாண்டுக்கு முன், 1923இல், சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1921இல் வழக்கறிஞர் அங்கியைக் களைந்து தொழிலாளரோடு வந்து நின்றவர் அவர். அவரும் தொழில் மாறியவர்தான். தமக்கு ஓய்வு வேண்டும் என்று மாறவில்லை; எல்லோருக்கும் ஓய்வு வேண்டும் என்று மாறினார். அலுவலகம் கொடியது என்றால் அதிலிருந்து ஒருவர் தப்பித்துப் போவதால் அடுத்த நாற்காலியில் இருப்பவரின் சுமை ஒரு மணி நேரமும் குறையாது, கூடும். இருந்து எதிர்ப்பதும் ஒரு பொருளுள்ள வாழ்வுதான்.

ஆகவே விலக நினைப்பவர்கள் முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கடன் எவ்வளவு, தவணை எத்தனை மாதம், அப்பாவின் மருந்துச் செலவு யாருடையது என்று எழுதிப் பாருங்கள். எழுதியதை மனைவியிடமோ கணவரிடமோ காட்டுங்கள். தாய் தகப்பனிடம் காட்டுங்கள். அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பைப் பிற்போக்கு என்று ஒதுக்காதீர்கள். உங்கள் தேடலுக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் அவர்கள். கடன் முடியும்வரை காத்திருங்கள். மாலையிலும் விடுமுறையிலும் புதிய வேலையைத் தொட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள். தனக்கென்று முயலாமல் பிறர்க்கென முயல்கிறவர்களால்தான் உலகம் இன்னும் நிற்கிறது என்று கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியதை வெறும் பழைய பாட்டாக நினைக்காதீர்கள். பீடி சுற்றும் தாய்க்குச் செய்யுளின் பொருள் தெரியாமல் இருக்கலாம். அவள் அதை வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கேட்பார்: இப்படிக் கணக்குப் பார்த்திருந்தால் நமக்குப் பாரதி கிடைத்திருப்பாரா? தென்காசி மாவட்டத்தில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கடையம் இங்கேதான் இருக்கிறது. எட்டயபுரம் அரண்மனை, மதுரை சேதுபதி பள்ளி, சுதேசமித்திரன் என்று ஒவ்வொன்றாக விட்டவர் பாரதி. புதுவையில் பத்தாண்டு, கடலூர்ச் சிறை, அதன் பிறகு 1918 இறுதியில் மனைவியின் பிறந்த ஊரான கடையத்துக்கு வந்து 1920வரை இருந்தார். அந்த வாழ்வின் விலையைக் கொடுத்தவர் செல்லம்மாள். ஏழு வயதில் கல்யாணமாகி, உலைக்கு வைத்த அரிசி குருவிகளுக்குப் போனதைப் பார்த்து, உறவினர் முகம் சுளிக்கும் ஊரில் இரண்டு பெண்களை வளர்த்தவர். அந்த நினைவுகளை அவர் பின்னாளில் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதி வைத்தார். பாரதியின் பாட்டைப் பாடுகிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். பாரதியின் பெருமையைக் காட்டி அந்தக் கடனை ரத்துசெய்ய முடியாது. கணவன் தேசத்துக்குக் கொடுத்தான் என்று சொல்லும்போது, கொடுத்ததில் பாதி செல்லம்மாளுடையது, அவரைக் கேட்காமல் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவரோ கணவர் இறந்த மறுஆண்டே, 1922இல், பாரதி ஆசிரமம் என்று ஒன்றைத் தொடங்கி அவருடைய பாடல்களை அச்சிட்டார்.

பாரதி போன்றவர் லட்சத்தில் ஒருவர் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது போதாது. அப்படி ஒருவர் பொதுவுக்காகத் தம் பிழைப்பை விட்டுவிட்டு நிற்கும்போது, அந்த விலையைப் பொது கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால்தான் அது ஒரு பெண்ணின் அடுப்படிமேல் விழுந்தது. கொடுக்க வாய்ப்பே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 பகுதிகளாக அச்சிடத் திட்டம். அதற்கு ஆளுக்கு நூறு ரூபாயாவது கடனாகக் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டிருந்தார். இனாம் கேட்கவில்லை. பணம் வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் கடையத்தை விட்டுச் சென்னைக்குப் போய், பதினான்கு ஆண்டுக்கு முன் விட்டுவந்த சுதேசமித்திரன் அலுவலகத்தில் மறுபடி உதவி ஆசிரியராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.